தலைக்கு மேல் ஓடிய மின்சாரம்

1895ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி, குதிரையின் உதவியும் நீராவியின் உதவியும் இல்லாமல் சென்னை நகரத்துத் தெருக்களில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டி, பாரத தேசத்திலேயே முதலாவது என்ற கீர்த்திக்கு உரியது. சாம்ராஜ்யத்தின் தலைநகராகிய லண்டன் மாநகரத்து வீதிகளில் மின்சார டிராம்கள் முறையாக ஓடத் தொடங்கியது 1901ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கீர்த்தி சிறியதன்று என்பது விளங்கும். சென்னையின் பழைமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பெருமையைச் சொல்லத் தவறுவதில்லை. ஆயினும், ஓடுகிற வண்டிக்குள் மின்சாரம் எந்த வழியாக வந்து சேர்ந்தது, முதலில் வந்த வழி ஏன் கைவிடப்பட்டது என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. அந்த வரலாற்றிலேயே நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மின்சாரத்தால் சுழலும் மோட்டார் யந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நல்ல பக்குவத்தை அடைந்துவிட்டது. ஓரிடத்தில் நிலையாக நிற்கும் யந்திரத்துக்குக் கம்பிகளை இழுத்துப் பூட்டிவிட்டால் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஆனால் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓயாமல் இடம் பெயர்ந்துகொண்டிருக்கிற வண்டிக்கு, மின்சார நிலையத்தோடு உள்ள தொடர்பு ஒரு கணமும் அறாமலும், அதே தெருவில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும் மாடு குதிரைகளுக்கும் அபாயம் நேராமலும், மின்சக்தியை ஊட்டுவது எப்படி என்பதே பெரிய பிரச்சினையாக இருந்தது. மின்சார டிராமின் சரித்திரம் பெரும்பாலும் இந்த ஒரு பிரச்சினைக்கு மனிதர்கள் கண்ட உபாயங்களின் சரித்திரமே ஆகும்.

முதல் உபாயம் மிக எளியது. ஜெர்மனியில் பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டே என்னும் இடத்தில் 1881ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி வெர்னர் ஸீமென்ஸ் ஓட்டிக் காட்டிய டிராம் வண்டியில், தண்டவாளங்கள் இரண்டுமே மின்சாரத்தைச் சுமந்தன; ஒன்றன் வழியாக வந்த மின்சாரம் சக்கரத்தின் மூலம் மோட்டாருக்குள் புகுந்து, எதிர்ப்புறத்துச் சக்கரத்தின் வழியே மற்றொன்றில் இறங்கித் திரும்பிச் சென்றது. அழுத்தம் சுமார் 180 வோல்ட்டே ஆயினும், இரண்டு தண்டவாளங்களையும் ஒருசேர மிதித்த குதிரைகள் அதிர்ச்சியுற்றுத் துள்ளின. தனி வேலி அமைந்த பாதைக்கு இந்த ஏற்பாடு ஒருவாறு பொருந்தலாம். ஜனசந்தடி நிறைந்த நகரத்துத் தெருவுக்கு இது சிறிதும் ஆகாது என்பது அப்போதே நிச்சயமாயிற்று.

தெருவின் மேற்பரப்பு ஆகாதென்றால், அதன் அடியிலாவது தலைக்கு மேலாவது மின்சாரத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். பொறியாளர்களில் ஒரு சாரார் பூமிக்கு அடியை நாடினார்கள். தண்டவாளங்களுக்கு இடையே, பாதையின் நீளம் முழுவதும் ஒரு சிறு சுரங்கக் கால்வாய் கட்டி, அதன் மேல்மூடியில் ஓர் அங்குல அளவே அகலமான பிளவு ஒன்றை விட்டு, கால்வாய்க்குள் மின்சாரம் பாயும் இரும்புப் பட்டைகளைப் பொருத்தினார்கள். வண்டியின் அடியிலிருந்து பிளவின் வழியாக இறங்கிய ஒரு தகடு, உள்ளே இருந்த பட்டைகளை உராய்ந்துகொண்டே சென்று மின்சாரத்தை வாங்கி மேலே அனுப்பியது. தெருவில் கம்பமோ கம்பியோ கண்ணுக்குத் தென்படாத இந்த முறையில் நகரத்தின் அழகு கெடுவதில்லை என்பது அதன் முதல் குணம். மாநகரின் மையப் பகுதியில் மேல்கம்பிகளே கூடாது என்று சட்டத்தால் விலக்கிய வாஷிங்டன் நகரமும், செல்வச் செழிப்புடைய லண்டன் நகராட்சியும் பிற்காலத்தில் இம்முறையையே நெடுங்காலம் போற்றி நடத்தின. லண்டனில் 1952 வரையிலும் வாஷிங்டனில் 1962 வரையிலும் இது நிலைத்தது.

ஆனால் திறந்த பிளவுள்ள கால்வாய் எதுவானாலும் அதற்குள் தெருவின் சேறும் மழைநீரும் இறங்காமல் இருக்குமோ? இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள பிளாக்பூல் என்னும் கடற்கரைப் பட்டணத்தில் 1885ஆம் ஆண்டு இம்முறையில் அமைத்த டிராம் பாதைக்குள், கடலலை கரையைத் தாண்டி வந்த போதெல்லாம் உப்புநீரும் மணலும் புகுந்து மின்சாரத்தை மண்ணில் கசியவிட்டன. பதினான்கு வருஷங்கள் இந்தத் தொல்லையை அனுபவித்த பின்னர், 1899ஆம் ஆண்டில் அங்கே மேல்கம்பி முறை வந்து சேர்ந்தது.

சென்னை டிராம் கம்பெனியாரும் முதலில் இந்தச் சுரங்கக் கால்வாய் முறையையே கைக்கொண்டார்கள். சித்திரை வெயிலில் திறந்துவைத்த பாதைக்கு ஐப்பசி மழை வரப்போகிறது என்பதை அவர்கள் போதிய அளவு சிந்தித்ததாகத் தோன்றவில்லை. கடல் மட்டத்துக்குச் சிறிதே உயர்ந்த, சரிவு என்பதே அரிதான, மழை பெய்தால் நீர் வடிய இடமின்றித் தேங்கி நிற்கும் நகரம் சென்னை. வடகிழக்குப் பருவமழையின் ஓரிரு நாட் பெருக்கில் முழங்கால் ஆழம் நீர் நிற்கக்கூடிய தெருக்களில், ஓர் அங்குலப் பிளவோடு கூடிய நீண்ட கால்வாய் என்ன கதியை அடையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரமும் நீரும் ஒரே கால்வாயில் குடியிருக்க இயலாது. நீர் புகுந்த இடத்தில் மின்சாரம் மோட்டாரை நாடாமல் மண்ணை நாடிவிடும். பருவமழை அந்தப் பாதையைப் பாழாக்கிய பின்னர், கம்பெனியார் கால்வாயைக் கைவிட்டு, சாலையோரத்தில் கம்பங்களை நட்டு, மின்சாரத்தைத் தலைக்கு மேலே ஏற்றினார்கள். அதற்குப் பின்னர்தான் சென்னையின் டிராம் நிலையான வாழ்வு பெற்றது.

தலைக்கு மேலே ஏற்றும் அந்த வித்தை அதற்குள் அமெரிக்காவில் பக்குவப்பட்டிருந்தது. ஐரோப்பாவில் முதலில் செய்த முயற்சிகளில், அடிப்புறம் பிளந்த இரும்புக் குழாய்களைக் கம்பங்களில் தொங்கவிட்டு, குழாய்க்குள் ஒரு சிறு உலோகத் துண்டை நழுவவிட்டு, வண்டி அதை ஒரு கயிற்றுக் கம்பியால் இழுத்துச் சென்றது. வியன்னாவை அடுத்த மோட்லிங்கில் 1883லும், பிராங்பர்ட்டுக்கும் ஆஃபன்பாக்குக்கும் இடையே 1884லும் இவ்வகைப் பாதைகள் தோன்றின. அமெரிக்காவில் சிலர் இரண்டு கம்பிகளின் மேல் உருளும் ஒரு குட்டி வண்டியைச் செய்து, அதை டிராம் இழுத்துச் செல்லும்படி விட்டார்கள். அது அடிக்கடி நழுவி டிராமின் கூரையின்மேலேயே விழுந்தது. கம்பியின் மேலே உருளும் சாதனத்தைக் கைவிட்டு, கம்பியின் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் சாதனத்தை அமைப்பதே சரியான உபாயம் என்பதைப் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் வான் டெபோல் 1885ஆம் ஆண்டு டொராண்டோ நகரக் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினார். அதை ஒரு நகரம் முழுவதற்கும் விரித்து, மேடும் பள்ளமுமான தெருக்களில் 12 மைல் பாதையில் 40 வண்டிகளுக்குத் திட்டமிட்டு, 1888ஆம் ஆண்டு பிப்ரவரியில் வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்டு நகரில் வெற்றி கண்டவர் பிராங்க் ஸ்பிரேக். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய சாதனங்களைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட பாதைகள் அமைந்தும் திட்டமிடப்பட்டும் விட்டன என்பதிலிருந்து, உலகம் எத்தகைய ஆவலோடு அந்த முடிவுக்குக் காத்திருந்தது என்பதை உணரலாம்.

அந்தச் சாதனத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தெருவின் இருபுறக் கம்பங்களுக்கும் குறுக்கே கட்டிய எஃகுக் கம்பிகள், நடுவே செப்புக் கம்பி ஒன்றைத் தரையிலிருந்து சுமார் 20 அடி உயரத்தில் தாங்கி நிற்கும். அந்தச் செப்புக் கம்பியை மேற்புறத்தில் மாத்திரமே பற்றிப் பிடித்திருப்பார்கள். ஏனெனில் அதன் அடிப்புறம் தடையின்றி வழவழப்பாக இருந்தால்தான் வண்டியின் உருளை அதில் இடறாமல் ஓடும். வண்டியின் கூரைமேல் அச்சில் பொருத்திய நீண்ட கோல், கிணற்றடி ஏற்றத்தைப் போல, ஒரு முனையை வில்சுருள்கள் கீழே இழுக்க மறுமுனை மேலே எழும்பி, அம்முனையில் உள்ள பள்ளம் விட்ட வெண்கல உருளையைக் கம்பியின் அடியில் 20 முதல் 30 ராத்தல் வரையுள்ள விசையோடு அழுத்தும். விசை குறைந்தால் உருளை கம்பியை விட்டு விலகித் தீப்பொறி பறக்கும். விசை மிகுந்தால் கம்பியும் உருளையும் விரைவில் தேயும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டுபிடிப்பதில்தான் அனுபவம் தேவைப்பட்டது.

வளைவுகளில் செப்புக் கம்பியை வட்டமாக வளைக்க முடியாது. ஆகையால் பல கம்பங்களிலிருந்து பல கம்பிகளால் இழுத்துக் கட்டி, சிறுசிறு நேர்கோடுகளால் ஆன வளைவாக அதை ஆக்குவார்கள். பாதை இரண்டாகப் பிரியும் சந்திப்புகளில், கீழே தண்டவாளம் பிரிவதைப் போலவே மேலே கம்பிக்கும் ஒரு கவைத் துண்டு உண்டு. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக் கம்பியை உருளை பற்றிக்கொள்ளும். கோல் வண்டிக்குப் பின்னால் சாய்ந்திருந்தால்தான் ஒழுங்காக ஓடும் என்பதால், பாதையின் முடிவை அடைந்ததும் கண்டக்டர் கீழே இறங்கி, கோலில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து, அதை மறுபக்கம் சுற்றிக் கொண்டுவந்து மீண்டும் கம்பியில் பொருத்துவார். நடுவழியில் உருளை நழுவினால் விளக்குகள் அணைந்து வண்டி நின்றுவிடும். அப்போதும் அதே கயிறே துணை.

மேலே ஒரே கம்பிதானே இருக்கிறது, மின்சாரம் எப்படித் திரும்பிப் போகிறது என்ற சந்தேகம் எழலாம். சுமார் 500 வோல்ட் அழுத்தத்தில் கோலின் வழியாக இறங்கும் மின்சாரம், ஓட்டுபவரின் கைப்பிடிக்கு அடங்கிய கருவியின் வழியே மோட்டாருக்குச் சென்று, அங்கே தன் வேலையை முடித்துக்கொண்டு, இரும்புச் சக்கரங்களின் மூலம் தண்டவாளத்தில் இறங்கி மின்சார நிலையத்துக்குத் திரும்புகிறது. தண்டவாளங்களின் இணைப்புகளைச் செப்புப் பட்டைகளால் நன்றாகப் பிணைக்காவிட்டால், திரும்பும் மின்சாரத்தில் ஒரு பகுதி மண்ணில் ஒழுகி, அருகே புதைந்துள்ள குடிநீர்க் குழாய்களில் ஏறி, அவற்றை விட்டு வெளியேறும் இடங்களில் இரும்பை அரித்துவிடும். தண்டவாளத்தின் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 7 வோல்ட்டுக்கு மேற்படலாகாது என்று பிரிட்டிஷ் அரசாங்கத்தின் வர்த்தக சபை விதித்த நிபந்தனையின் காரணம் இதுவே. கண்ணுக்குத் தெரியும் கம்பியைப் பற்றி ஜனங்கள் அஞ்சினார்கள். பொறியாளர்களோ, கண்ணுக்குத் தெரியாத திரும்பு வழியைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார்கள்.

கோலுக்கும் உருளைக்கும் உள்ள குறைகள் பிற்காலத்தில் தீர்ந்தன. ஸீமென்ஸ் கம்பெனியைச் சேர்ந்த வால்டர் ரைக்கல் அமைத்த வில் வடிவச் சட்டம், அகலமான குறுக்குப் பட்டையால் கம்பியைத் தொட்டதால் நழுவுவதற்கே இடமில்லை. சந்திப்புகளில் கவைத் துண்டும் வேண்டியதில்லை. ஒரே இடத்தில் உராய்ந்தால் பட்டையில் பள்ளம் விழுமாதலால், இம்முறையில் கம்பியை வேண்டுமென்றே இடமும் வலமுமாக மாற்றி மாற்றி இழுத்துக் கட்டினார்கள். 1903ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணத்து ஓக்லண்டில் ஓடத் தொடங்கிய ரயில்களில், இரு திசையிலும் திருப்பாமலே பயன்படும் மடக்குச் சட்டம் தோன்றியது. இன்று பான்டோகிராப் என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

சென்னை டிராம் கம்பெனி 1904ஆம் ஆண்டில் புதிய ஸ்தாபனமாக மாறி, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை, பாரி முனை முதலிய இடங்களை இணைத்து நெடுநாள் நகரவாசிகளுக்கு ஊழியம் செய்தது. பிறகு பஸ் வண்டிகளின் போட்டியாலும் பண நெருக்கடியாலும் தளர்ந்து, 1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நின்றுபோயிற்று. ஆனால் மேல்கம்பி நகரத்தை விட்டுப் போகவில்லை. 1931ஆம் ஆண்டிலேயே கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1,500 வோல்ட் அழுத்தத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது; அதற்கும் மின்சாரம் தலைக்கு மேலிருந்தே வந்தது.

சீமைப் பொறியாளர்கள் வரைபடத்தில் கண்ட சிறந்த முறையைச் சென்னையின் மழை ஏற்க மறுத்தது; மழைக்கு இசைந்த முறையே அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. எந்த நாட்டில் எவ்வளவு புகழ் பெற்ற யந்திரமானாலும், அதை வரவழைக்கும் முன்னர் இந்த மண்ணின் சரிவையும் இந்த வானத்தின் பருவத்தையும் கலந்து ஆலோசிப்பது அவசியம். இன்று பூமிக்கு அடியில் பாதை தோண்டுகிறவர்களும் இந்தப் பழைய அனுபவத்தை மறவாதிருப்பது நலம்.