மேயரும் அவைத்தலைவரும்

சென்னை மேயர்களின் பட்டியலில் நாம் சற்று நின்று படிக்க வேண்டிய பெயர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. 1937இல் அவர் மேயரானார். ஆதிதிராவிடர் ஒருவர் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. அன்று பதவிக்காலம் ஓராண்டாகத்தான் இருந்தது, மன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவது மேயர், நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். ஆயினும் நகரின் முதல் குடிமகன் என்ற மதிப்பு அந்த நாற்காலிக்கு உண்டு. அந்த முதல் குடிமகனுக்கு ஆலயத்தினுள் நுழையும் உரிமையை அன்று எந்தச் சட்டமும் வழங்கியிருக்கவில்லை.

தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவின் வாழ்க்கையையும் உரைகளையும் 1930இல் ஆங்கில நூலாக்கியவர் சிவசண்முகம் பிள்ளை. அந்த ராஜா 1938இல் கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதா, ராஜாஜி அரசு ஆதரிக்காததால் தோற்றது. 1943இல் ராஜா மறைந்தார்.

1946இல் சிவசண்முகம் பிள்ளை சென்னைச் சட்டமன்றத்தின் அவைத்தலைவரானார். மறு ஆண்டு மாகாணப் பிரதமராக வந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். சமண மடத்தால் பெயர்பெற்ற மேல்சித்தாமூரைப் போலவே ஓமந்தூரும் திண்டிவனம் பக்கத்து ஊர்தான். அவரது ஆட்சியில், 1947இல், ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. ராஜா காணாமற்போன அந்த நாளை, அவர் வரலாற்றை எழுதியவர் அவைத்தலைவராகக் கண்டார்.

1955 வரை அப்பொறுப்பில் இருந்த அவர் 1975இல் காலமானார். அச்சட்டத்தைப் பேசும்போது ஓமந்தூராரை நாம் நன்றியோடு நினைக்கிறோம், அது நியாயமே. அந்த அவைக்குத் தலைமை வகித்தவர் யார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.