லினக்சு கருனி வெளியீடுகளும் மாற்றக் குறிப்புகளும்

லினக்சு கருனி என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று நினைவகத்தையும் கோப்புகளையும் ஆளும் நிரல் தொகுதி ஆகும். கெர்னல் என்றே பலரும் இதனை அழைப்பர். 1991 செப்டம்பரில் பின்லாந்து மாணவர் லினசு டோர்வால்ட்சு வெளியிட்ட 0.01 பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. இன்று 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றிலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன.

தொடக்கத்தில் மாற்றக் குறிப்புகளை லினசு ஒருவரே எழுதினார். அவற்றுள் 1992 சனவரியில் வந்த 0.12 பதிப்பின் குறிப்பு முதன்மையானது. வட்டின் ஒரு பகுதியை நினைவகம் போலப் பயன்படுத்தும் வசதி அப்பதிப்பில் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய செய்தி உரிமம் பற்றியது. அதுவரை லினக்சைப் பணம் பெற்றுக்கொண்டு வழங்கத் தடை இருந்தது. அதனை நீக்கி, குனூ பொதுமக்கள் உரிமத்துக்கு மாறப்போவதாக அந்தக் குறிப்பே அறிவித்தது.

பின்னர் பங்களிப்பாளர்கள் பெருகினர். திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன; லினசு அவற்றைச் சேர்த்துப் புதிய பதிப்பை வெளியிட்டார். எந்த வரி யாருடையது என்பதற்கு முறையான பதிவேடு இல்லை. 2002-இல் பிட்கீப்பர் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே மாற்றங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாயின.

பதிவின் அருமை 2003-இல் தெரிந்தது. யுனிக்சு நிரல் லினக்சில் கலந்துள்ளது எனக் கூறி எசுசிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. நிலத்துக்கு வில்லங்கச் சான்று கேட்பது போல, நிரலுக்கும் அது வந்த வழியைக் காட்ட வேண்டிய நிலை. 2004 முதல், மாற்றத்தை அனுப்புபவரும் அதைக் கைமாற்றும் பராமரிப்பாளரும் தத்தம் பெயரை ஒப்பமாக இடும் வழக்கம் ஏற்பட்டது. 2005-இல் பிட்கீப்பரின் இலவச உரிமம் நிறுத்தப்படவே, லினசு கிட் என்னும் கருவியை எழுதினார். பழைய வரலாறு அளவில் பெரிதாக இருந்ததால் அதைச் சேர்க்காமல் 2.6.12-இன் முன்னோட்டப் பதிப்பிலிருந்தே கிட் பதிவு தொடங்குகிறது. விடுபட்ட ஆண்டுகளைப் பிறர் பிட்கீப்பர் பதிவுகளிலிருந்தும் பழைய பதிப்புகளின் தொகுப்புகளிலிருந்தும் தேடி எடுத்துத் தனியே கோத்தனர்.

இப்பதிவுகள் வெறும் கணக்கு அல்ல. 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் இன்டெல் 386 செயலிக்கான ஆதரவு நீக்கப்பட்டது. லினக்சு முதன்முதலில் எழுதப்பட்டது அந்தச் செயலிக்குத்தான். நீக்கியவர் இங்கோ மோல்னார். 1991-ஆம் ஆண்டின் பழைய கணினியில் இனிப் புதிய கருனி இயங்காது என்று லினசை நோக்கி ஒரு பெருமூச்சோடு குறிப்பில் எழுதினார். லினசுக்கோ வருத்தம் ஏதுமில்லை.

தமிழ்நாட்டில் லினக்சு பலரிடம் சென்றது பாஸ் இயங்குதளத்தின் வழியாக. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் இதனை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸும் நிறுவி வழங்கப்பட்டது. அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர்ப் பகுதியின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும், சவ்வாது மலை மாணவர்களுக்கும் பெரும்பாலும் அதுவே முதல் சொந்தக் கணினி.

டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் மாற்றக் குறிப்பைப் படிக்க இணையம் தேவையில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் கருனியின் பதிப்பு எண்ணை யூநேம் கட்டளை காட்டும். அந்தத் தொகுப்புக்கான குறிப்பு கணினியின் ஆவண உறையிலேயே சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் பிளஸ் டூ மாணவருக்கு முதலில் கடினமாகத் தோன்றலாம். தேதி, செய்தவர் பெயர், செய்த மாற்றம் ஆகிய மூன்றை மட்டும் முதலில் பார்த்தால் போதும். மற்றவை பழகப் பழகப் புரியும்.