வெள்ளையைக் கழற்றி மஞ்சளை மாட்டிய கழகம்

சென்ற வாரம் கல்கத்தாவில் நின்றோம். ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு மஞ்சளுக்கும் மோகன் பகானின் பச்சை மெரூனுக்கும் இடையே ஒரு மாநகரம் பிரிந்து நிற்பதைப் பார்த்தோம். இந்த வாரம் நம் கரையிலிருந்தே கிளம்புவோம்.

புத்தளத்தில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்கு லிவர்பூல் என்று பெயர். இன்னொன்றுக்கு போல்டன். உப்பளக் காற்றில் வளர்ந்த பையன்கள் இங்கிலாந்தின் ஆலை நகரங்களையும் துறைமுக நகரங்களையும் மார்பில் எழுதிக்கொண்டு ஆடுகிறார்கள். பெயர் இரவல், கால் சொந்தம். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆட்டம், கழகம், நிறம் மூன்றும் உள்ளூரிலேயே விளைந்த இடம் எது என்று தேடினால் அவுஸ்திரேலியாவுக்குத்தான் போகவேண்டும்.

அந்த நாட்டோடு இந்தக் கரைக்குள்ள உறவு கிரிக்கெட்டோடு முடியவில்லை. 2012இல் மட்டும் 6,000க்கும் அதிகமான இலங்கையர் படகில் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். சிலாபமும் உடப்பும் அப்போது செய்திகளில் அடிக்கடி அடிபட்ட பெயர்கள். நடுக்கடலில் பிடிபட்டவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், நவுறு தீவு முகாமில் அடைபட்டவர்கள், எப்படியோ மெல்பேர்னில் காலூன்றியவர்கள் என்று அந்தக் கதை பல கிளையாகப் போனது. மெல்பேர்னில் புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவர் சந்திக்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “நீ எந்த அணி?” கிரிக்கெட்டைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதில் சொன்னால் சிரிப்பார்கள்.

அவர்கள் கேட்பது தங்கள் சொந்த உதைபந்தாட்டத்தைப் பற்றி. முட்டை வடிவப் பந்து. கிரிக்கெட் ஆடும் பெரிய நீள்வட்ட மைதானம். பக்கத்துக்கு 18 பேர். உதைக்கலாம், ஏந்தி ஓடலாம், முஷ்டியால் தட்டிக் கொடுக்கலாம். எறிந்தால் மட்டும் தவறு. இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1.

டொம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர், குளிர்காலத்தில் ஆட்டக்காரர்களின் உடம்பு ஊறிப்போகாமல் இருக்க ஏதாவது செய்யவேண்டும் என்று 1858 ஜூலையில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதம் அவரும் இன்னும் சிலரும் மெல்பேர்னில் ஒரு ஹோட்டலில் கூடிப் பத்து விதிகளை எழுதினார்கள். இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் தன் விதிகளை எழுதியதோ 1863இல்தான். சட்டைக்கென்று தனி நிறம் பிறகு வந்தது. ஆரம்ப நாட்களில் எதிராளியைத் தொப்பியாலும் காலுறையாலும்தான் இனம் கண்டார்கள். சிவப்புக் காலுறை போட்ட மெல்பேர்ன் கழகத்துக்குச் சிவப்புக் கால்காரர் என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். செயின்ட் கில்டா, மெல்பேர்னின் கடலோரப் புறநகர். 1873இல் தொடங்கிய அதன் கழகத்துக்குச் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று நிறம். 1914 ஓகஸ்டில் ஜேர்மனி பெல்ஜியத்துக்குள் படையை ஓட்டியது. போர் மூண்டதும் செயின்ட் கில்டாக்காரர்களுக்கு ஒரு சங்கடம் விளங்கியது. அன்றைய ஜேர்மன் பேரரசின் கொடியும் அதே கறுப்பு, வெள்ளை, சிவப்பு! சொந்தப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுச் சனிக்கிழமைகளில் எதிரியின் கொடி நிறத்துக்கு எப்படிக் கைதட்டுவது? 1915இல் வெள்ளையைக் கழற்றி மஞ்சளை மாட்டினார்கள். கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்பவை பெல்ஜியத்தின் நிறங்கள். அடிபட்ட நட்பு நாட்டுக்கு மரியாதை செய்ததாகவும் ஆயிற்று.

மறுவருடம் ஆடுவதற்கே ஆளில்லை. 1916இல் கழகம் ஆடிவந்த லீக்கில் நான்கு கழகங்கள் மட்டுமே களமிறங்கின; செயின்ட் கில்டா அவற்றில் இல்லை. வரலாறு குறும்பு செய்தது அதற்குப் பிறகு. போரில் தோற்ற ஜேர்மனி மன்னராட்சியை உதறிக் குடியரசாகி, 1919இல் புதுக்கொடி ஏற்றியது. கறுப்பு, சிவப்பு, பொன் மஞ்சள்! ஜேர்மனியை விட்டு ஓடிய கழகம் மறுபடி ஜேர்மனியின் நிறத்துக்குள்ளேயே நின்றது. 1923இல்தான் பழைய வெள்ளை திரும்பி வந்தது. இவ்வளவு பாடுபட்ட கழகம் இதுவரை ஒரே ஒரு முறைதான் வாகை சூடியிருக்கிறது: 1966இல், கொலிங்வூட்டை ஒரே ஒரு புள்ளியால் வென்று.

அதே கொலிங்வூட்டின் சொந்த மைதானத்தில், 1993 ஏப்ரல் 17இல், செயின்ட் கில்டா சட்டை இன்னொரு வேலை செய்தது. நிக்கி வின்மார் மேற்கு அவுஸ்திரேலியாவின் நூங்கார் இனத்தைச் சேர்ந்த பூர்வகுடி. ஆட்டம் முழுக்கப் பார்வையாளர் பகுதியிலிருந்து அவரையும் சக பூர்வகுடி வீரர் கில்பர்ட் மக்கடமையும் தோலைச் சொல்லி ஏசினார்கள். செயின்ட் கில்டா வென்றது. இறுதி மணி அடித்ததும் வின்மார் அந்தக் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். ஒரு கையால் சட்டையை மார்பு வரை தூக்கினார். மறு கையின் விரலால் தன் வயிற்றுத் தோலைத் தொட்டுக் காட்டினார். சிவப்பு, வெள்ளை, கறுப்புச் சட்டை அங்கே மேலே சுருண்டு கிடக்க, அதற்குக் கீழே இருந்த நிறத்தைத்தான் பார் என்றார். வெயின் லட்பி எடுத்த படம் நாடு முழுவதும் பரவியது. ஏச்சு உடனே நின்றுவிடவில்லை. 1995இல் மைக்கேல் லோங் என்ற இன்னொரு பூர்வகுடி வீரர் முறையிட்ட பிறகே லீக் இனத்துவேஷ ஏச்சுக்கு எதிராக விதி கொண்டுவந்தது. வின்மாரின் அந்தக் கோலத்தை 2019இல் பெர்த் மைதானத்துக்கு வெளியே சிலையாக வைத்தார்கள். இருபத்தாறு வருடம் தாமதம் என்றுதான் நான் சொல்வேன்.

போர்ட் அடிலெய்ட் கழகத்தின் வழக்கு வேறு மாதிரி. 1870இல் தொடங்கிய துறைமுகத்துக் கழகம். மஜெந்தாவும் நீலமும் அதன் பழைய நிறம். அந்தச் சாயம் நிலைத்து நிற்கவில்லை, கிடைப்பதும் கஷ்டம் என்பதால் 1902இல் கறுப்பு வெள்ளைக்கு மாறினார்கள். நீளக் கோடுகள் கொண்ட அந்தச் சட்டைக்கு ஊரார் வைத்த பெயர் சிறைக்கம்பி. 1997இல் தேசிய லீக்கில் சேர வந்தபோதுதான் சிக்கல். 1892இல் பிறந்த கொலிங்வூட் கறுப்பு வெள்ளைக் கோட்டோடு அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. மாக்பை என்ற பறவைப் பட்டமும் இரண்டுக்கும் ஒன்றே. பிந்தி வந்தவர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. போர்ட் அடிலெய்ட் நீலப்பச்சையைச் சேர்த்துக்கொண்டு புதுப் பட்டத்தோடு உள்ளே நுழைந்தது. பழைய சிறைக்கம்பிச் சட்டையை எப்போதாவது போட அனுமதி கேட்பதும், கொலிங்வூட் முறைப்பதும் அதற்குப் பிறகு வாடிக்கையாகிவிட்டது. 2014இல் ரிச்மண்டுக்கு எதிரான நொக்-அவுட் ஆட்டத்துக்கு அதையே அணிந்து வந்து வென்றபோது அடிலெய்ட் மைதானம் அதிர்ந்தது. சாயம் நிற்காததால் பிடித்த நிறத்துக்கு இத்தனை சண்டை!

ஊர் மாறினால் நிறம் என்னாகும்? கடன் கழுத்தை நெரித்ததால் சவுத் மெல்பேர்ன் கழகம் 1982இல் சிட்னிக்குப் பெயர்ந்தது. சிவப்பு வெள்ளையை விடவில்லை. சட்டையின் பின்கழுத்தில் பழைய கழகத்தின் முதலெழுத்துகளை இன்றும் வைத்திருக்கிறார்கள். புத்தளத்தில் இதற்கு மிக ஆழமான ஒரு சாட்சி இருக்கிறது. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் படகுகளில் கல்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். எருக்கலம்பிட்டியார் நாகவில்லில் குடியேறி, பள்ளிக்கூடத்துக்கும் தங்கள் ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்டார்கள். உயிரைக் கையில் பிடித்து வந்தவர்களையும் கணக்குப் புத்தகம் சரியாமல் இருக்க ஊர் மாறிய கழகத்தையும் ஒரு தராசில் வைக்க முடியாதுதான். பெயரை விடாமல் பிடித்துக்கொள்ளும் பிடிவாதத்தை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

இரண்டு கழகங்கள் ஒன்றானால் நிறம் என்னாகும்? 1996இல் மெல்பேர்ன், ஹோதோர்ன் கழகங்கள் இரண்டையும் ஒன்றாக்கப் பேச்சு எழுந்தது. எதிர்த்தவர் ஹோதோர்னின் முன்னாள் அணித்தலைவர் டொன் ஸ்கொட். கூட்டு அணிக்கென்று தயாரித்த சட்டையை அங்கத்தவர் கூட்டத்தில் தூக்கிப் பிடித்தார். ஒட்டுப் பட்டியால் ஒட்டியிருந்த ஹோதோர்ன் பருந்தை ஒரே இழுப்பில் பிய்த்தார். மஞ்சள் பட்டையையும் பிய்த்தார். அடியில் மிஞ்சியது வெறும் மெல்பேர்ன் சட்டை! பேச்சு எதற்கு? ஹோதோர்ன் அங்கத்தவர்கள் இணைப்பை நிராகரித்தார்கள்.

அதே வருடம் பிட்ஸ்ரோய் கழகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கொடுத்த கடனைக் கேட்டு அதன் கதவைத் தட்டியது நவுறுவின் காப்புறுதிக் கூட்டுத்தாபனம். ஆம், நம் படகுக்காரர்கள் பிற்காலத்தில் அடைபட்ட அதே நவுறு. இந்த ஆட்டமே அந்தக் குட்டித் தீவின் தேசிய விளையாட்டு. பிட்ஸ்ரோய் பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது. அதன் சிங்கம் மட்டும் பிரிஸ்பேன் சட்டையில் பிழைத்துக்கொண்டது.

பிட்ஸ்ரோயின் கடைசி ஆட்டம் 1996 செப்டெம்பர் 1ஆம் திகதி, பெர்த்தில், ஃபிரீமாண்டிலுக்கு எதிராக. இந்து சமுத்திரத்தின் நம் பக்கத்து அலையே போய் மோதும் துறைமுகம் ஃபிரீமாண்டில். 1995இல் லீக்குக்கு வந்த அந்தக் கழகத்தின் சட்டை ஊதா. நடுவில் வெள்ளை நங்கூரம். ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் பச்சை. அவுஸ்திரேலிய ரசிகர்கள் பலர் கண்கூசுகிறது என்று கேலி செய்தார்கள். சிலாபத்துப் பலநாள் படகுக்காரருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது. இருட்டில் எதிரே வரும் படகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வது இடப்பக்கச் சிவப்பு விளக்கும் வலப்பக்கப் பச்சை விளக்கும்தானே.

2011இல் கழகம் சிவப்பையும் பச்சையையும் நீக்கியது. சட்டையிலிருந்து நங்கூரமும் போய், ஊதாவின் மேல் மூன்று வெள்ளைக் கோணப் பட்டைகள் வந்தன. பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது. கல்பிட்டியில் கேட்டால், விளக்கை அணைத்துவிட்டுத் துறைக்குள் நுழையும் படகு என்பார்கள்.

(தொடரும்)