தங்கம் விளைந்த கடை

தங்க வேட்டை என்றதும் மண்வெட்டி ஏந்திய தாடிக்கார ஆண்களே என் மனதில் வருவார்கள், பெலிண்டா முல்ரூனியைப் பற்றிப் படிக்கும்வரை.

அயர்லாந்தில் பிறந்த பெலிண்டா 1897இல் கனடாவின் டாசன் நகருக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 25. கூடவே பருத்தித் துணியும் பட்டு உள்ளாடைகளும் வெந்நீர்ப் பைகளும் கொண்டுபோனார். கையில் தங்கத்தூள் இருந்தும் வாங்கப் பொருளில்லாத அந்தக் குளிர் ஊரில் அவை பல மடங்கு விலைக்குப் போயின. அந்த வருமானத்தில் உணவகம் தொடங்கினார். பிறகு பொனான்சா, எல்டொராடோ ஓடைகள் கூடுமிடத்தில், சுரங்கங்களுக்கு நடுவே விடுதி கட்டினார். சாப்பிட வந்தவர்களின் பேச்சைக் காதில் வாங்கிச் சுரங்கப் பங்குகளும் வாங்கினார். 1898இல் டாசனில் ஃபேர்வியூ ஹோட்டலைத் திறந்தார்.

1900இல், தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்ட ஒருவரை மணந்தார். சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதி அந்த மணவாழ்வில் கரைந்தது. அவரைப் பிரிந்து, அலாஸ்காவில் தங்கையோடு சேர்ந்து வங்கி நடத்தினார்.

என் பாட்டியும் நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தினார். பலகையில் தாத்தாவின் பெயர் இருந்தது. பற்று நோட்டு முழுக்கப் பாட்டியின் கையெழுத்து. பெண்களின் வணிக வரலாற்றை எழுத விரும்பும் மாணவிகளிடம் நான் முதலில் கேட்பது, வீட்டுப் பரணில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்றுதான்.