மணியோசைக்குக் காத்திருப்பதா, வாயிலுக்கு நடப்பதா?

ஊரிலிருந்து கடிதம் வருமென்று டில்லியிலோ பம்பாயிலோ ஒற்றை அறையில் காத்திருந்த நாட்களை நேயர்களுள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். தபால்காரர் கதவைத் தட்டும்வரை நம் வேலையைக் கவனிக்கலாம். அல்லது அடிக்கடி மாடிப்படி இறங்கிச் சென்று தபாற்பெட்டியைத் திறந்து பார்க்கலாம். முன்னதில் கைவேலை கலையும். பின்னதில் கால் வீணே நோகும். இவற்றுள் எது சிக்கனம் என்னும் கேள்வி, கணிப்பொறி வல்லுநர்களை எழுபது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது.

தொடக்ககாலக் கணிப்பொறிகள் பெட்டியைத் திறந்து பார்க்கும் இனத்தைச் சேர்ந்தவை. காந்த நாடா தன் பணியை முடித்துவிட்டதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டு நிற்கும். இதனை வினவல் முறை என்போம். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிலையம் இராணுவத்துக்காக ஆக்கிய ‘டைசியாக்’ என்னும் யந்திரத்தில், புறக்கருவியே மணியடித்து அழைக்கும் குறுக்கீட்டு முறை இடம்பெற்றது. டிரெய்லர் வண்டியில் பொருத்தப்பட்ட யந்திரம் அது! அதன்பின் நெடுங்காலம் குறுக்கீடே கோலோச்சியது.

கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்பு பெருகியபோதுதான் இடர் தோன்றியது. அங்கே செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொட்டலமும் வாயிலில் மணியடித்தால் என்ன ஆகும்? ஜெஃப்ரி மோகலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்ற கே. கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. பொட்டலங்களைச் சோதித்து அனுப்பும் ஒரு கணிப்பொறியில், வினாடிக்கு 2,000 பொட்டலங்களைத் தாண்டியதும் தளர்ச்சி கண்டது. சுமார் 6,000-ஐ எட்டியபோது ஒன்றுகூட வெளியேறவில்லை. யந்திரம் பழுதாகவில்லை, ஓயாது உழைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அழைப்புக்கே முதலுரிமை என்பதால், பொட்டலங்களை வாங்கி வரிசையில் வைப்பதிலேயே பொழுதனைத்தும் கழிந்தது. வரிசையிலுள்ளவற்றைக் கவனிக்க நேரமில்லை. வரிசை நிரம்பவே, பாடுபட்டு வாங்கியவற்றையே கீழே எறிய நேர்ந்தது.

அவர்கள் கண்ட உபாயம் எளியது. என் கருத்தில் இவ்வரலாற்றின் சிகரமும் அதுவே. முதற்பொட்டலம் மணியடிக்கட்டும், உடனே மணியை அடக்கிவிட்டு, நாமே சென்று ஒரு வரம்புக்குட்பட்டு வாங்குவோம், வாயில் வெறிச்சோடியதும் மணியை மீண்டும் இயக்குவோம். லினக்ஸ் இயக்க அமைப்பிற்காக 2001-இல் அறிவிக்கப்பட்ட ‘நாப்பி’ என்னும் ஏற்பாடும் இவ்வழியதே.

வேகம் அத்துடன் நிற்கவில்லை. வினாடிக்கு 1,000 கோடி பிட்டுகள் செல்லும் கம்பியில், மிகச் சிறிய பொட்டலங்கள் வினாடிக்கு ஒரு கோடியே 48 லட்சத்துக்கு மேல் வரக்கூடும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோவினாடி. வினாடிக்கு 300 கோடி துடிப்புகளுடைய செயலகத்தில் இது ஏறத்தாழ 200 துடிப்புகளே. மணியோசைக்குத் திரும்பிப் பார்ப்பதற்கே இது போதாது. ஆகவே இன்டெல் நிறுவனத்தில் 2010-ஐ ஒட்டி உருவான ‘டிபிடிகே’, மணியை அறவே நீக்கி, செயலகத்தின் ஒரு கருவையே வாயிலில் நிறுத்திற்று. அதன் தந்தையெனப் போற்றப்பட்ட வெங்கி வெங்கடேசன் (பெயரே நம் செவிக்கு அணுக்கமானது) 2018-இல் காலமானார்.

பழைய வினவல் முறை இவ்வாறு திரும்பி வந்தது. பழைய குறையும் உடன் வந்தது. நள்ளிரவில் ஒரு பொட்டலமும் வராதபோதும் அந்தக் கரு நூற்றுக்கு நூறு உழைத்து மின்சாரத்தை உண்கிறது. அது மற்றொரு பணிக்கும் உதவுவதில்லை. ஒருமுறை சென்றால் 32 பொட்டலங்களைச் சேர்த்தள்ளும் வழக்கம், பளு மிகுந்த வேளையில் செலவைக் குறைக்கும். வெறும் வாயிலில் அதனால் பயனில்லை.

2020-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘மெட்ரோனோம்’ என்னும் முறையில், வினவும் பணியாள் சிறிது உறங்கி எழுகிறான். உறக்கத்தின் நீளம் வரத்தைப் பொறுத்தது. செயலகம் நினைவகத்தின் ஓரிடத்தில் கண்வைத்தபடியே ஓய்ந்திருந்து, அங்கே மாறுதல் கண்டதும் விழித்தெழும் கட்டளைகளும் வந்துள்ளன. ஆயினும் உறக்கத்தின் அளவு நுண்ணியது. 1,024 பொட்டலங்களுக்கு இடமுள்ள வரிசை, மேற்சொன்ன உச்ச வேகத்தில் 69 மைக்ரோவினாடிக்குள் நிரம்பிவிடும்.