சார்ஜர் வாங்குமுன் எர்த் கம்பியைப் பாருங்கள்

சுபஹ் தொழுகைக்கு எழும்பிய மச்சானுக்கு ஏதோ கருகும் மணம் வந்திருக்கிறது. மாமி அடுப்பில் எதையோ வைத்து மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாராம். குசினி இருட்டாக இருந்தது. மணம் வந்தது விறாந்தையிலிருந்து. இரவு முழுக்கக் காருக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த சொக்கெற்றின் ஒரு பக்கம் உருகி, பிளக்கோடு ஒட்டிப்போய், சுவரில் கறுப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் ராத்தாவின் கடைசிப் பிள்ளையின் கட்டில்.

இது ஒலுவிலில் என் ராத்தாவின் வீட்டில் நடந்தது. அதன் பிறகு வயர்மன்மாரிடமும், பொறியியல் படிப்பிக்கும் ஒரு நண்பரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன். நான் படித்தது ஊடகக் கற்கை, மின்சாரம் அல்ல. எனவே ஒரு நல்ல வயர்மனுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக வாசியுங்கள்.

கார் வாங்கியதன் காரணம் வாப்பாதான். வாரத்தில் இரண்டு முறை அவரை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோகவேண்டும். 2022இல் கியூஆர் அட்டை வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அதற்கு முந்திய வாரங்களில் அந்த அளவும் இல்லை, வரிசை மட்டுமே இருந்தது. சிகிச்சை நாள் தவறிவிடுமோ என்று வீடே விழித்திருந்த இரவுகள் அவை. பெற்றோலை நம்பி இனி வாப்பாவை வைத்திருக்க ஏலாது என்று மச்சான் அப்போதே முடிவெடுத்துவிட்டார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கப்படாததால், ஏற்கெனவே நாட்டுக்குள் வந்திருந்த பழைய நிசான் லீஃப் ஒன்றுதான் அவருக்குக் கட்டுப்படியானது. அதன் பற்றரி 24 அலகு கொள்ளும். பழசாகிவிட்டதால் இப்போது முழுதாக ஏற்றினால் எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் ஓடும். எங்கள் தேவைக்கு அது தாராளம்.

பிழை காரில் இல்லை. யப்பானிலிருந்து வரும் லீஃப்களோடு ஒரு கேபிள் வரும். அது யப்பான் வீடுகளின் 200 வோல்ற் சொக்கெற்றுக்குச் செய்தது, 15 அம்பியர் வரை இழுக்கும். அதன் பிளக் எங்கள் சுவரில் பொருந்தாது. எனவே அதை வெட்டி, நம்முடைய சதுர முனை 13 அம்பியர் பிளக்கைப் பூட்டிக் கொடுத்திருந்தார்கள். கேத்தல் கொதிக்க ஐந்து நிமிடம் போதும், கார் ஏழு மணித்தியாலம் இழுக்கும். 13 அம்பியர் சொக்கெற் அந்தச் சுமையை அவ்வளவு நேரம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. ஃபியூஸ் உடனே போகவும் மாட்டாது, ஏனென்றால் 13 அம்பியர் ஃபியூஸ் 15 அம்பியரை நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சூடாவது முனைகளும், இளகிப்போன திருகாணிகளும்தான்.

இப்படிப் பொருத்திக் கொடுத்தவரை மச்சான் ஏசவில்லை. எனக்கும் மனம் வரவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் சோமசெற் கார் ஓட்டியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டவர்களும் எங்கள் மனிதர்கள். இருப்பதை வைத்துச் சமாளிப்பதை யுத்தம் எங்கள் கைகளுக்குப் பழக்கிவிட்டது. பல வேளைகளில் அதுதான் உயிரைக் காத்தது. ஆனால் இரவு முழுக்க ஆள் பார்க்காமல் ஓடும் இந்தச் சுமையிடம் அந்தப் பழக்கம் செல்லாது.

இனி எந்த சார்ஜர் என்ற கேள்விக்கு வருவோம். கடைக்காரர் முதலில் 7 கிலோவாட் பெட்டியைத்தான் காட்டுவார். அது 32 அம்பியர் இழுக்கும். உங்கள் வீட்டு இணைப்பு, எங்கள் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளைப்போல, ஒற்றைக் கட்ட 30 அம்பியர் என்றால் முழு வீட்டுக்குமே கிடைப்பது கிட்டத்தட்ட 6.9 கிலோவாட்தான். ஆகவே அந்தப் பெட்டி உங்களுக்கு இல்லை, அல்லது இணைப்பைப் பெரிதாக்க மின்சார சபைக்கு விண்ணப்பிக்கவேண்டும். பழைய லீஃப்கள் பலவற்றில் காரின் உள்ளேயிருக்கும் சார்ஜரே 3.3 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது. பெரிய பெட்டியை வாங்கி மாட்டினாலும் கார் தன் அளவைத்தான் குடிக்கும். ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 7 அலகு போகும். 3 கிலோவாட்டில் அதை நிரப்ப இரண்டரை மணித்தியாலமளவு போதும். எங்களுக்கு 16 அம்பியர் சார்ஜரே சரியாக இருந்தது. அம்பியரைக் குறைத்துவைக்கும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்கினோம்.

காரின் வாயையும் பாருங்கள். யப்பான் லீஃப்புக்கு டைப் 1. இப்போது முகவர்கள் ஊடாக வரும் பிவைடி போன்றவற்றுக்கு டைப் 2. சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த கார் என்றால் ஜிபி/டி என்ற வேறு வாய்.

பெட்டியைவிட முக்கியமானது சுவருக்குப் பின்னால் இருப்பது. ராத்தாவின் வீடு 2004 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனமொன்று கட்டிக்கொடுத்தது. நாலு பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று கணக்குப்போட்டு வயரிங் செய்த வீடு. விறாந்தைச் சொக்கெற்றுக்குப் போன அதே வயர்தான் கிணற்று மோட்டாருக்கும் போயிருந்தது. சார்ஜருக்கு டீபி போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். 16 அம்பியருக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தோம். 32 அம்பியர் என்றால் 6, தூரம் கூடினால் 10. ட்ரிப் சுவிட்சும் தனியாகவே வேண்டும். காரிலிருந்து நேரோட்டக் கசிவு வந்தால் சாதாரண ஏசி வகை ட்ரிப் சுவிட்ச் குருடாகிப்போகும், விழவேண்டிய நேரத்தில் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி அம்பியர் நேரோட்டக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் ஏ வகை போதும், இல்லாவிட்டால் பி வகை. பி வகை விலை கூட. பணம் மிச்சம்பிடிக்க நினைத்தால் வேறெங்காவது பிடியுங்கள்.

அடுத்தது எர்த். எங்கள் நாட்டில் வீட்டுக்கு வரும் கம்பியில் ஃபேஸும் நியூட்ரலும்தான் வரும். எர்த் என்பது உங்கள் வளவில் நீங்கள் அடிக்கும் கம்பி. கடற்கரை மணலில் அது இரண்டு விதமாக ஏமாற்றும். மேல் மணல் காய்ந்துபோனால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்காது. உப்புக் காற்றோ இணைப்புக் கிளிப்பைச் சில வருடங்களில் அரித்துவிடும். ராத்தா வீட்டுக் கிளிப்பைத் தொட்டபோது கையோடு உதிர்ந்து வந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பை எரியவைத்து ‘எர்த் இருக்கு’ என்று சொல்பவரை நம்பவேண்டாம். மீற்றர் வைத்து ஓம் கணக்கை எழுதித் தரச்சொல்லுங்கள். 200 ஓமுக்கு மேலே போனால் அது நிலையாக இருக்குமென்று நம்பமுடியாது என்கிறது பிரித்தானிய வயரிங் விதி. எங்களுக்கு வேலை செய்தவர் செம்பு பூசிய இரண்டு கம்பிகளை ஈர மணல் வரைக்கும் அடித்து, பத்துக்குக் கீழே வந்த பிறகுதான் கையைக் கழுவினார்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நல்ல சார்ஜர் எர்த் இல்லாவிட்டால் வேலை செய்ய மறுக்கும், சிவப்பு விளக்குக் காட்டும். அப்போது சிலர் சொக்கெற்றுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். விளக்குப் பச்சையாகும், காரும் ஏறும். ஒரு நாள் காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ற்றுக்கு வந்துவிடும். டயரில் நிற்கும் கார் காட்டிக்கொடுக்காது. ஈர மணலில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கும் ஆளைத்தான் அது பிடிக்கும்.

வேலைக்கு வருபவரிடம் என்.வி.கியூ. சான்றிதழைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சார்ஜரைக் கடற்காற்று நேரே அடிக்காத சுவரில், ஐபி65 தரப் பெட்டியாக மாட்டுங்கள்.

பில்லைப் பற்றியும் சொல்லவேண்டும். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடினால் 180 முதல் 200 அலகு கூடும். வீட்டுக் கட்டணத்தில் 180க்கு மேலே போவதுதான் விலை கூடிய படி. நேரத்துக்கேற்ற கட்டணம் என்று ஒரு தெரிவு உண்டு, அதில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிக விலை. உங்கள் இணைப்புக்கு அதைத் தருவார்களா என்று காரை வாங்குமுன்பே மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் கேளுங்கள். கூரையில் சோலார் இருப்பவர்கள் பகலில் ஏற்றலாம். ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று நாடே இருண்டதே, அப்படியான நேரத்தில் பற்றரி இல்லாத சாதாரண சோலாரும் சேர்ந்து நின்றுவிடும். வாப்பாவின் சிகிச்சைக்கு முதல் நாள் பற்றரியைக் காலியாக விடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

2011 சுனாமிக்குப் பிறகு யப்பானில் லீஃப் பற்றரியிலிருந்தே வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவி விற்பனைக்கு வந்தது. புதிய கார்கள் சிலவற்றில் அந்த வசதி கூடவே வருகிறது. அதை நேரே பிரிஜ்ஜுக்கோ விளக்குக்கோ கொடுங்கள். இரண்டு பக்கமும் ஆண் முனை பூட்டிய வயரால் சுவர்ச் சொக்கெற்றுக்குள் கொடுக்கவே கூடாது. வெளியே கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரின் உயிர் அதில் போகும்.

உருகிய சொக்கெற்றை மச்சான் எறியவில்லை. கார் வாங்கப்போகிறோம் என்று கேட்டு வருபவர்களுக்குக் காட்டுவதற்காக அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி, ஜும்ஆவுக்குப் புறப்படுமுன், ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறார்.