நீரறிவு ஆட்சி ஏறிய வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கண்மாய் பெருகினால் களம் நிறையும். கண்மாய் வறண்டால் அடுப்பும் அணையும். தென்பாண்டிச் சீமையில் மடை திறந்து வயல்தோறும் நீரைப் பங்கிட்ட நீர்பாய்ச்சிகளுள் பலர் நம் முன்னோரே. ஊர் வயலுக்கெல்லாம் நீர் அளந்து விட்ட அவர்களுக்கு, ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு குடம் நீர் எடுக்கும் உரிமை இருந்ததில்லை. அறிவு இருந்தது, அதிகாரம் இல்லை. நீரறிவு கல்வியாக வளர்ந்து ஆட்சியிலும் அமர்ந்தால் என்னென்ன இயலும் என்பதற்கு டாக்டர் கே. எல். இராவ் அவர்களின் வாழ்க்கை ஒரு சான்றாகும்.

கிருட்டிணா மாவட்டம் கங்கிபாடு என்னும் ஊரில் 1902ஆம் ஆண்டு பிறந்த இராவ், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் பருவத்தில் ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று. எனினும் சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்று, 1939இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் மத்திய நீர், மின்விசை ஆணையத்தில் உயர் பொறியாளராகப் பணியாற்றினார். நாகார்ச்சுன சாகர் அணை கற்கட்டாக எழுந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. சிமெண்டு அரிதாயிருந்த அக்காலத்தில், கிடைத்த கல்லையும் உழைக்கும் கைகளையும் நம்பி எழுந்த அணை அது.

1962இல் விசயவாடாத் தொகுதியில் வென்று மக்களவை புகுந்த அவர், 1963 முதல் 1973 வரை மத்திய நீர்ப்பாசன, மின்விசைத் துறை அமைச்சராக விளங்கினார். 1972இல் கங்கையையும் காவிரியையும் 2,640 கிலோமீட்டர் நீளக் கால்வாயால் இணைக்கும் திட்டத்தை முன்வைத்தார். பெரும் பொருட்செலவும், நீரை மேலேற்றத் தேவைப்படும் மின்விசையும் தடையாக நின்றமையால் அது நிறைவேறவில்லை. எனினும் நதிநீர் இணைப்பு என்னும் எண்ணம் நாட்டு மக்களின் நெஞ்சில் ஊன்றியது. அவர் 1986இல் மறைந்தார்.

இங்கு நம் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இராவ் பணியாற்றிய அந்த ஆணையத்தின் முன்னோடி நிறுவனம் 1945இல் உருவானபோது, அத்துறைக்குப் பொறுப்பேற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர் ஆவார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவரே, தாமோதர், மகாநதிப் பள்ளத்தாக்குத் திட்டங்களுக்கு வழிவகுத்தார். 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகும் உரிமைக்காகப் போராடியவர், பதினெட்டு ஆண்டுகளில் பாரத நாட்டு ஆறுகளுக்கே திட்டம் வகுக்கும் இடத்தில் அமர்ந்தார். அவரை அங்கு அமர்த்தியது கல்வியன்றி வேறென்ன?

இராவ் அவர்களுக்கு விதி ஒரு கண்ணைப் பறித்தது. ஆயினும் பள்ளிக் கதவு திறந்தே இருந்தது. நம் முன்னோருக்கு அக்கதவே அடைபட்டிருந்தது. இன்று அது திறந்திருக்கிறது. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், நம் பிள்ளைகள் கட்டடப் பொறியியலும் நீர்வளவியலும் கற்க முன்வர வேண்டும். மடையில் நின்று நீர் பாய்ச்சியவர்களின் பேரர்கள், நீரைப் பங்கிடும் மன்றங்களிலும் அமர வேண்டும். அந்நாளே நம் சங்கத்தின் உழைப்பு கனிந்த நாளாகும்.